கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டிய படம்

செரண்டா,
செப்டம்பர் 14

அன்பு மகள் ஷெல்லிக்கு,

அப்பா எழுதுகிறேன். மாதாவின் தயவில் எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்பு நடமாடும்படி இருக்கிறது, மனசைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அங்கே நீயும் மருமகன் இயனும் எங்கள் குட்டி கெய்ட்லினும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் உங்கள் மூன்று பேர் பெயரையும் சொல்லித்தான் செபமாலையைக் கையில் எடுக்கிறோம். கெய்ட்லினுக்கு முன்பல் விழுந்த படத்தைப் பார்த்து உன் அம்மா ஒரு நாள் முழுக்கச் சிரித்தாள், அது ஜூலையில். அயர்லாந்தில் குளிர் தொடங்கியிருக்கும், நைட் டியூட்டி முடிந்து வரும்போது காதை மூடிக்கொண்டு வா, உனக்குச் சின்ன வயதிலிருந்தே காதுதான் முதலில் பிடிக்கும். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது, சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, கிளினிக்கில் நர்ஸ் திட்டினாள், அவளும் திரும்பத் திட்டினாள். அதெல்லாம் வழக்கமானதுதான். ஒவ்வொரு ஞாயிறும் நீ போனில் கேட்கிறாய், ஏன் அப்பா குரல் ஒரு மாதிரி இருக்கிறது, தம்பி ஏன் போனுக்கு வருவதில்லை என்று. நானும் ஷிஃப்டு என்றேன், தூங்குகிறான் என்றேன், சர்ச்சுக்குப் போயிருக்கிறான் என்றும் ஒரு வாரம் புளுகினேன். ஜாரெட் வீட்டில் இல்லையம்மா. அவன் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. போனில் இதைச் சொல்ல முடியவில்லை, உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் இந்தக் கதையைத் தொடங்க முடியாது. அதனால்தான் பழைய காலத்து ஆள் மாதிரி தபாலில் எழுதுகிறேன்.

நம் தாமான் குடியிருப்பு நீ கடைசியாகப் பார்த்தது போல இல்லை. ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த செம்பனைக் காட்டை வழித்தெடுத்துவிட்டு அங்கே உயரமாக ஒரு அடுக்குமாடி எழுப்பியிருக்கிறார்கள். கோலாலம்பூரில் வேலை பார்த்துக்கொண்டு அங்கே வாடகை கட்ட முடியாத பிள்ளைகள் எல்லாம் இங்கே வந்துவிட்டார்கள், காலையில் கொமுட்டர் ரயிலில் ஏறுவதற்கு இப்போது முட்டித் தள்ள வேண்டியிருக்கிறது. அவர்களுக்காகக் கடைவரிசையும் மாறிவிட்டது. கறுப்புக் காப்பி ஒன்றுக்குப் பன்னிரண்டு வெள்ளி வாங்குகிற கடை வந்தது, பிறகு நாயைக் குளிப்பாட்டுகிற கடை வந்தது. நாய்க்கு நகம் வெட்டிப் பவுடர் போட்டு அனுப்புகிறார்கள், எனக்கு யாரும் அப்படிச் செய்ததில்லை. நம் தெரு முனையில் டயர் கடை இருந்ததே, அதையும் மூடிவிட்டார்கள், அந்த இடத்தில்தான் ஜூன் மாதம் இந்த பார் வந்தது. பெயர் லாஸ்ட் டிரெயின். நம் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் அதன் விளக்கு தெரியும். நடத்துகிறவள் வேறு யாருமில்லை, கலும்பாங் பக்கம் நாம் முன்பு குடியிருந்த தோட்டத்தில் லோரி ஓட்டிய அழகேசனின் மகள் தனேஸ்வரி, உன்னோடு தமிழ்ப்பள்ளியில் படித்தவள். கோலாலம்பூரில் ஹோட்டல் வேலை பார்த்து, கையில் சேர்த்ததை எல்லாம் போட்டு இதை எடுத்திருக்கிறாள். திறப்பு நாளன்று ஐயர் வந்து ஓமம் வளர்த்து, பூசணிக்காய் உடைத்து, உருமி மேளம் கொட்டி, வாழை மரம் கட்டி ஒரே அமர்க்களம், நானும் உன் அம்மாவும் கூடப் போய்க் கேசரி சாப்பிட்டுவிட்டு வந்தோம். சாராயக் கடைக்குக் கேசரியா என்று உன் அம்மா வழியெல்லாம் முணுமுணுத்தாள், ஆனால் இரண்டாவது தட்டு வாங்கியவள் அவள்தான்.

தாமானில் பாதிப் பேருக்கு அந்தக் கடை பிடிக்கவில்லை. சிற்றாலயத்துக்கு இவ்வளவு கிட்டத்தில் பார் இருக்கக்கூடாது என்று எழுதி, உபதேசியார் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார். நான் போடவில்லை. பெரிய ஆலைக் கால்வாய் ஓரம் மறைவாக உட்கார்ந்து சம்சு குடித்துச் சாகிறவர்களை அவர் ஒரு நாளும் எழுப்பி வீட்டுக்கு அனுப்பியதில்லை, விளக்குப் போட்டு மட்டன் வறுவலோடு விற்கிறவளை மட்டும் விரட்ட வேண்டுமா என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கிப் போய்விட்டது. அது மட்டுமில்லை, அவள் நம் லயத்துப் பிள்ளை, தோட்டத்தில் ஒரே வரிசை வீடுகளில் வளர்ந்தவள். ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. உன் தம்பி வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வருகிற வழி அந்தக் கடை வாசல்தான், வேறு வழி கிடையாது.

அவன் மறுவாழ்வு இல்லத்திலிருந்து வந்த பிறகு இரண்டு வருடத்துக்கும் மேலாக ஒரு சொட்டுத் தொடவில்லை, இது உனக்கே தெரியும். ஃபேக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான், சனிக்கிழமை தவறாமல் ரவாங்கில் குடியை விட்டவர்கள் கூடுகிற அந்தக் கூட்டத்துக்குப் போய்வந்தான், சம்பளத்தை அம்மா கையில் கொடுத்தான். உன் அம்மா மட்டும் ஒரு பழக்கத்தை விடவில்லை. அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சாப்பாட்டு டப்பாவை வாங்குகிற சாக்கில் கிட்டே போய் மோந்து பார்ப்பாள். அவனுக்கும் தெரியும். 'ஊதட்டுமா மா?' என்று சிரித்துக்கொண்டே வாயைக் குவித்து அவள் முகத்தில் ஊதுவான், அவள் வெட்கப்பட்டு அவன் முதுகில் ஒன்று போடுவாள். நான் அதைப் பார்த்துச் சிரிப்பேன். அவனுக்கு அது சிரிப்பாக இருந்ததா என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. ரவாங்கில் ஆபீஸ் வேலை பார்க்கிற தனுஜா என்ற பெண்ணைப் பற்றி உன்னிடம் சொல்லியிருக்கிறான் என்று நினைக்கிறேன். கோயில் குளம் என்று இருக்கிற குடும்பம், நல்ல பெண், எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருந்தான், அவளும் சரி என்றிருந்தாள். அப்பா இல்லாத வீடு, அண்ணன் பவனேஷ் சொல்வதுதான் முடிவு. கல்யாணம் பேசி முடிந்த பிறகு அண்ணனிடம் நாமே மெதுவாகச் சொல்லலாம் என்று அவர்கள் இரண்டு பேரும் வைத்திருந்தார்கள்.

இப்போது நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். தோட்டத்தில் இருந்தபோது கள்ளுக்கடைக்குப் போகிற புருஷனை நிறுத்த வேண்டுமென்றால் பெண்கள் என்ன செய்வார்கள் என்று உனக்கு நினைவிருக்கும். வேலை வாங்குகிற மண்டோரிடம் ஒரு வார்த்தை சொல்வார்கள், மண்டோர் கள்ளுக்கடைக்காரரிடம் சொல்வார், மறுநாள் அந்த ஆள் குவளையை நீட்டினால் 'ஒனக்கு இல்லப்பா, வீட்டுக்குப் போ' என்று திருப்பி விடுவார்கள். உன் அம்மா எனக்கும் அதைச் செய்தவள்தான். நான் நாலு நாள் குதித்தேன், அப்புறம் அடங்கினேன், அதோடு குறைந்தது, கடைசியில் நின்றது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, இந்த வாரம் நான் என்றால் அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரன். அந்த நினைப்பில்தான் உன் அம்மா ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள், 'தனேஸ்வரி நம்ம புள்ளதானே, ஒரு வார்த்த சொல்லி வச்சிட்டு வாங்களேன்' என்று. எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஊர் கூடிக் கையெழுத்துப் போட்டு அவள் பிழைப்பைக் கெடுப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்று எனக்கு ஒரு பெருமை வேறு. கடை திறக்காத பகல் நேரம் பார்த்துப் போனேன். அவளும் உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்து, 'கவலப்படாதீங்க மாமா, என் கடையில அவனுக்கு ஒரு சொட்டு கெடைக்காது' என்றாள். ஆனால் கல்லாவில் நிற்கிறவள் சபாவிலிருந்து வந்த பெண், பரிமாறுகிறவர்களும் வெளியூர், ஜாரெட்டை யாருக்கும் அடையாளம் தெரியாது, படம் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டாள். நான் வீட்டுக்கு வந்து ஆல்பத்தைப் புரட்டினேன். அவன் நேராகப் பார்க்கிற மாதிரி இருந்தது உன் கல்யாணப் படம் ஒன்றுதான். உன்னையும் இயனையும் விட்டுவிட்டு அவன் நிற்கிற ஓரத்தை மட்டும் கத்தரியால் வெட்டினேன். கோட்டுப் போட்டு, தலையைப் படிய வாரி, எவ்வளவு அழகாக இருக்கிறான். உன் தோள் கொஞ்சம் அதில் வந்துவிட்டது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன் மகளே, என் கையால் கொடுத்தேன்.

அதன் பிறகு நடந்தது எனக்கு மறுநாள் தனேஸ்வரியும் பிறகு தனுஜாவும் சொல்லித்தான் தெரியும், ஆனாலும் உனக்குக் குழப்பம் வராமல் வரிசையாக எழுதுகிறேன். ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மாப்பிள்ளையாக வரப்போகிறவனோடு உட்கார்ந்து பேசிப் பார்க்க வேண்டும் என்று பவனேஷ் தங்கையைக் கூட்டிக்கொண்டு ரவாங்கிலிருந்து வந்திருக்கிறான். எங்கே சாப்பிடலாம் என்றபோது அந்தக் கடைதான் நன்றாக இருக்கிறதாம் என்று சொன்னவனும் பவனேஷ்தான். உன் தம்பி வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பான், அதனால் போயிருக்கிறான். பவனேஷ் ஒரு பீர் எடுத்தான். ஜாரெட் ஐஸ் லெமன் டீ எடுத்தான். மறுநாள் ஞாயிறானாலும் காலையில் சீக்கிரம் வேலை இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்திருக்கிறான். சிரித்துப் பேசி, சாப்பாடெல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கிறது, தேதி பார்ப்பது வரைக்கும் பேச்சு வந்துவிட்டதாம். பணம் நான்தான் கட்டுவேன் என்று இரண்டு பேரும் இழுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போயிருக்கிறார்கள். அங்கே லட்சுமி படத்துக்குக் கீழே, கல்லாவுக்குப் பக்கத்திலேயே இவன் படம் ஒட்டியிருக்கிறது. பவனேஷ்தான் முதலில் பார்த்திருக்கிறான். ஏதோ பரிசு விழுந்த வாடிக்கையாளர் படம் என்று நினைத்து, 'மச்சான், இது நீதானே லா?' என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறான். அந்த சபாப் பெண்ணுக்கு ஒரு சூதுவாது தெரியாது. இந்த ஆளுக்கு மது விற்கக்கூடாது என்று முதலாளியம்மா சொல்லியிருக்கிறார், குடிகாரராம், அவர் அப்பாவே வந்து படம் கொடுத்துவிட்டுப் போனார் என்று மலாயில் தெளிவாகச் சொல்லிவிட்டாள். பேச்சு காதில் விழுந்து தனேஸ்வரி அடுக்களையிலிருந்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன் தம்பி சுவரிலிருந்து அந்தப் படத்தைக் கிழியாமல் மெதுவாகப் பிய்த்து எடுத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு உண்டான பணத்தை வைத்துவிட்டு வெளியே போயிருக்கிறான்.

எங்களுக்கு இது ஒன்றும் தெரியாது. அம்மா சோற்றை மேசையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவன் உள்ளே வந்தான், கண் சிவந்திருந்தது, முகம் வீங்கியிருந்தது. நேராக வீட்டுக்கு வராமல் மோட்டாரில் எங்கெங்கோ சுற்றி அழுதிருக்கிறான் என்று இப்போது தெரிகிறது. அப்போது நான் என்ன கேட்டேன் தெரியுமா? என்னடா ஆச்சு என்று கேட்கவில்லை. யாராவது அடித்தார்களா என்று கேட்கவில்லை. 'குடிச்சியா?' என்றுதான் கேட்டேன். உன் அம்மா ஓடிப்போய் அவன் வாயருகே முகத்தைக் கொண்டுபோனாள். அன்றைக்கு அவன் ஊதவில்லை. படத்தை மேசையில் வைத்தான். 'ரெண்டு வருசமா அம்மா மோந்து பாத்தாங்க, நான் சிரிச்சிக்கிட்டே நின்னேன். நீங்க என்னைக் கொண்டுபோய்ச் செவுத்துல ஒட்டிட்டு வந்திருக்கீங்க. அதுவும் அக்கா கல்யாணப் படத்த வெட்டி' என்றான். பிறகு என்னைப் பார்த்து, 'குடிச்சிருந்தா ஒங்களுக்கு நிம்மதியா இருந்திருக்கும்ல பா?' என்றான். கத்திச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், மெதுவாகச் சொன்னான். அப்படியே அறைக்குள் போய்ப் பையில் துணியை அடைத்துக்கொண்டு, அம்மா காலைப் பிடிக்காத குறையாகக் கதறக் கதறக் கிளம்பிவிட்டான்.

மறுநாள் பூசை முடிந்ததும் தனேஸ்வரி கடைக்குப் போய்க் கண்டபடி கத்தினேன். அவள் அழுதுவிட்டாள். 'நீங்க சொன்னதத்தானே மாமா செஞ்சேன், ஒங்கள நம்பித்தானே ஒட்டுனேன்' என்றாள். அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அவன் என்ன குடித்தான் என்று அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன், பெற்ற அப்பன், கடைக்காரியிடம் கேட்டு. அந்த வாரமே தனுஜா தனியாக வீட்டுக்கு வந்து, உன் அம்மா மடியில் தலை வைத்து அழுதுவிட்டுப் போனாள். இவ்வளவு பெரிய விஷயத்தை மறைத்த குடும்பத்தில் பெண் கொடுக்க முடியாது என்று அண்ணன் ஒரே பிடியாக நிற்கிறானாம். அவளுடைய போனையும் ஜாரெட் எடுப்பதில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை என்று உபதேசியார் என் காதுபடவே சொன்னார், சொல்லட்டும். லயத்தில் எல்லா ஆம்பளையும் குடித்தான், அதனால் என்னைத் திருப்பி அனுப்பியபோது எனக்கு ரோஷம் வந்ததே தவிர மானம் போகவில்லை. இந்தத் தாமானில் சுவரில் ஒட்டப்பட்டவன் என் மகன் ஒருத்தன்தான், அதுவும் குடிக்காதவன். இது தோட்டம் இல்லை என்று தினமும் சொல்லிக்கொண்டே நான் தோட்டத்துப் புத்தியில் நடந்துவிட்டேன். உன் அம்மா என்னைக் குறை சொல்லவில்லை, தன்னைத்தான் சொல்லிக்கொள்கிறாள். ஆறு மணிக்கு மேல் எந்த மோட்டார் சத்தம் கேட்டாலும் எழுந்து வாசலுக்குப் போகிறாள், முட்டிவலியோடு.

அவனோடு வேலை செய்த பையன் ஒருவன் சொன்னான், ஜாரெட் ஜொகூரில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறானாம், நாலைந்து பேரோடு ஒரு வீட்டில் தங்கியிருக்கிறானாம். போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் அந்தப் பையன். நன்றாக இருக்கிறானா என்று கேட்டேன், இருக்கிறான் அங்கிள் என்றான். ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் மேலே கேட்கவில்லை. பஸ் ஏறிப் போய்விடலாம் என்று இரண்டு முறை கிளம்பினேன். என்னைக் கண்டால் அங்கிருந்தும் போய்விடுவானோ என்று பயந்து திரும்பிவிட்டேன். எங்கள் போனை எடுப்பதில்லை, அனுப்புகிற செய்தியைப் படிக்கிறான், பதில் இல்லை. ஆனால் நீ போட்ட கெய்ட்லின் பள்ளிக்கூடப் படத்துக்கு அவன் இதயம் போட்டிருந்ததை உன் அம்மா கண்டுபிடித்துவிட்டாள். அதை எனக்குக் காட்ட ஓடி வந்தாள். அதனால் நீ கூப்பிட்டால் எடுப்பான் என்று நாங்கள் நம்புகிறோம். இந்தக் கடிதம் கிடைத்ததும் நீ செய்ய வேண்டியது அது ஒன்றுதான் மகளே. வீட்டுக்கு வா என்று சொல்லாதே, அப்பா அழுகிறார் என்றும் சொல்லாதே, அது அவன் தலையில் இன்னொரு பாரமாகும். அன்றைக்கு அவன் குடிக்கவில்லை என்பது அப்பாவுக்குத் தெரியும் என்று மட்டும் சொல். கெய்ட்லினைப் பேச விடு.

மருமகனுக்கு என் அன்பைச் சொல். அவருடைய அம்மா அப்பாவை நான் விசாரித்ததாகச் சொல். பேத்திக்கு ஆயிரம் முத்தம். உனக்கும் உன் குடும்பத்துக்கும் ஒரு குறையும் வராமல், உன் பிள்ளை உன்னை விட்டு முகம் திருப்பிப் போகிற நாள் ஒன்று வராமல், ஆண்டவர் உங்களைக் கைக்குள் வைத்துக் காக்கட்டும் என்று அப்பாவும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே ஷெல்லிம்மா. அவன் போனை எடுத்தால் சாப்பாடு, வேலை, தூக்கம், எதை வேண்டுமானாலும் கேள். குரல் குழறினாலும், அர்த்தமில்லாமல் பேசினாலும், உனக்கே சந்தேகம் வந்தாலும், குடித்திருக்கிறாயா என்று மட்டும் கேட்காதே. குடிக்காத நாளில் அதைக் கேட்டுவிட்டேன். இனிமேல் அதைக் கேட்க நம் வீட்டில் யாருக்கும் வாய் இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா,
ராஃபேல்